கணிப்பொறிக்கு மண்ணைப் பற்றி என்ன சொல்வது?

பாகூர் ஏரிக்கரையின்மேல் மழைக்காலத்தில் நடந்து சென்றிருக்கிறீர்களா? ஒருபுறம் கண்ணுக்கெட்டிய தூரம் நீர். மறுபுறம், கரையின் அடியிலிருந்தே தொடங்கிவிடும் நெல்வயல்கள். இரண்டுக்கும் இடையில் நிற்பது மண். உட்சரிவில் கல் பதித்த இடங்களிலும்கூட நீரைத் தாங்கி நிற்பது மண்தான். தென்பெண்ணையாற்றின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பிரியும் பங்காரு வாய்க்கால் இந்த ஏரிக்கு நீரைக் கொண்டுவந்து சேர்க்கிறது. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பாகூரைச் சொல்வதற்குக் காரணம் இந்த ஏரிதான் என்றால், இந்த ஏரிக்குக் காரணம் அதன் கரைதான்.

2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது நினைவிருக்கும். 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அடுத்த இரண்டொரு நாட்களில் தென்பெண்ணையில் வெள்ளம் பெருகிப் பாகூர்க் கொம்யூன் கிராமங்களுக்குள் புகுந்தது. இத்தகைய இரவுகளில் ஏரிக்கருகே குடியிருப்போர் ஒவ்வொருவர் மனத்திலும் எழும் கேள்வி ஒன்றே: கரை தாங்குமா?

இக்காலத்தில் இந்தக் கேள்வியைக் கணிப்பொறியிடமும் கேட்கலாம். கரையின் வடிவத்தைச் சொல்லலாம். நீரின் உயரத்தைச் சொல்லலாம். சில நொடிகளில் அது கரையின் எந்த இடம் எவ்வளவு நகரும், எங்கே சரியும் என்று வண்ணப்படம் வரைந்து காட்டிவிடும். ஆனால் அதற்கு முன்பு அது நம்மைத் திருப்பி ஒரு கேள்வி கேட்கும். ‘மண் என்றீர்களே, அதை அழுத்தினால் அது என்ன செய்யும்?’ இதற்கு நாம் சொல்லும் பதில் தவறானால், வண்ணப்படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதனால் பயனில்லை. பயனில்லை என்பதோடு நின்றால் பரவாயில்லை. உயிருக்கே ஆபத்தாக முடிந்ததும் உண்டு. அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

புள்ளிக் கோலம்

முதலில், கணிப்பொறி இந்தக் கணக்கை எப்படிப் போடுகிறது என்று பார்ப்போம். கரையைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். மேலே குறுகி, அடியில் அகன்ற ஒரு வடிவம் தெரியும். அதைத் தாளில் வரைந்து, வாசலில் கோலத்துக்கு வைப்பதுபோல் உள்ளே நிறையப் புள்ளிகள் வையுங்கள். பக்கத்துப் புள்ளிகளைக் கோடுகளால் இணைத்தால், கரை முழுவதும் சிறுசிறு முக்கோணங்களாகப் பிரிந்துவிடும். ஒவ்வொரு முக்கோணமும் ஒரு ‘கூறு’. முழுக் கரையின் நடத்தையை ஒரே சமன்பாட்டில் அடக்க எவராலும் முடியாது. ஆனால் ஒரு சின்ன முக்கோணத்தின் நடத்தையை எழுதிவிடலாம். அவற்றைப் புள்ளிகளில் ஒன்றோடொன்று கோத்துவிட்டால் கரை கிடைத்துவிடுகிறது. இதற்கு ஃபைனைட் எலிமெண்ட் முறை என்று பெயர். தமிழில் ‘முடிவுறு கூறு முறை’ எனலாம்.

ஒவ்வொரு புள்ளியும் கிடையாக எவ்வளவு, செங்குத்தாக எவ்வளவு நகர்ந்தது என்பதே நாம் தேடும் விடை. 500 புள்ளிகள் வைத்தால் தெரியாத எண்கள் 1,000, சமன்பாடுகளும் 1,000. x, y என்ற இரண்டு தெரியாத எண்களுக்கு நீங்கள் வகுப்பில் செய்யும் அதே வேலைதான். கையால் செய்தால் ஆயுள் போதாது. கணிப்பொறிக்கு அது ஒரு பொருட்டே அன்று.

கணித அறிஞர் ரிச்சர்ட் கூரண்ட் 1943ஆம் ஆண்டிலேயே இத்தகைய முக்கோணங்களைப் பயன்படுத்திக் காட்டினார். விமானங்களின் கட்டமைப்பைக் கணக்கிடும் தேவையிலிருந்து 1950களில் இம்முறை உருவெடுத்தது. அதற்குப் பெயர் சூட்டியவர் அமெரிக்கப் பொறியியல் பேராசிரியர் ரே கிளஃப்; ஆண்டு 1960. ஏழே ஆண்டுகளில் அவரும் உட்வர்டு என்பாரும் இதை மண் அணைகளுக்குப் பயன்படுத்தினர். விமானத்திலிருந்து மண்ணுக்கு வந்தபோதுதான் சிக்கலும் வந்தது.

என்ன சிக்கல்? ஒவ்வொரு முக்கோணத்துக்கும் ஒரு விதி தேவை. இவ்வளவு தகைவு கொடுத்தால் இவ்வளவு திரிபு ஏற்படும் என்று சொல்லும் விதி. பொறியாளர்கள் இதை ‘மாதிரி’ என்பார்கள். நம்மூரில் மண் மாதிரி என்றால், உழவர்கள் பரிசோதனைக்கு அனுப்பும் மண் பொட்டலம் என்றுதான் பொருள்படும். ஆகவே இக்கட்டுரையில் ‘மண் விதி’ என்றே சொல்லிக்கொள்வோம். அலுமினியத்துக்கு இந்த விதியை எழுதுவது எளிது. மண்ணுக்கு?

குயவர் கட்டைவிரல்

உங்களுக்குத் தெரிந்த விதி ஒன்று உண்டு. 1678ஆம் ஆண்டில் ராபர்ட் ஹூக் வெளியிட்ட விதி அது. தகைவு இரு மடங்கானால் திரிபும் இரு மடங்காகும். பளுவை எடுத்துவிட்டால் பொருள் பழைய நிலைக்குத் திரும்பும். எஃகுக் கம்பிக்கு யங் குணகம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 2 × 10¹¹ நியூட்டன் என்று பாடத்தில் படிக்கிறீர்கள். நாங்கள் ஆய்வுக்கூடத்தில் கம்பியைத் தொங்கவிட்டு எடைகளை ஏற்றி இறக்கி அதை அளக்கச் சொல்கிறோம். இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: கம்பியை மட்டுமே காட்டுவதால், உலகிலுள்ள திடப்பொருள்கள் எல்லாமே கம்பிபோல் நடப்பவை என்ற எண்ணத்தை மாணவர் மனத்தில் நாங்கள் ஏற்படுத்திவிடுகிறோம்.

வில்லியனூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். அங்குள்ள சுடுமண் சிற்பங்கள் புவிசார் குறியீடு பெற்றவை. பிசைந்து வைத்த களிமண்ணில் குயவர் கட்டைவிரலை அழுத்தி எடுக்கிறார். பள்ளம் அப்படியே நிற்கிறது. ஹூக் சொன்னபடி அது மேலெழுந்திருந்தால் பானையும் இல்லை, சிற்பமும் இல்லை! களிமண்ணின் திரிபில் பெரும்பகுதி மீளாத் திரிபு. சிறு பகுதிதான் மீள்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். புதிதாக இலவம்பஞ்சு அடைத்த தலையணையின்மேல் ஒரு கனத்த பெட்டியை வையுங்கள், நன்றாக அமுங்கும். பெட்டியை எடுத்தால் கொஞ்சமே எழும்பும். அதே பெட்டியை மறுபடி வைத்தால்? இம்முறை மிகக் குறைவாகத்தான் அமுங்கும். மண்ணும் அப்படித்தான். முதன்முறை ஏற்றும் பளுவுக்கு அது இளகிக்கொடுக்கும். இறக்கி மறுபடி ஏற்றும்போது பல மடங்கு விறைப்பாக நிற்கும். ஒரே மண்ணுக்கு இரண்டு ‘யங் குணகங்கள்’! எதைக் கணிப்பொறிக்குச் சொல்வது?

இதனால் ஹூக் விதி மண்ணுக்கு உதவவே உதவாது என்று நினைக்கவேண்டாம். நல்ல இறுகிய செம்மண் மேட்டில் ஒரு சின்ன வீடு கட்டுகிறோம் என்க. பளு குறைவு; மண் உடையும் நிலைக்கு வெகு தொலைவில் இருக்கிறது. அப்போது வீடு எவ்வளவு இறங்கும் என்பதற்கு ஹூக் விதி தரும் தோராயம் போதும். அதைவிடப் பெரிய விதியைத் தேடுவது கொசுவை விரட்டக் கோடரி எடுப்பதுபோல.

கோட்டை கட்டிய கூலும்

மண் எப்போது உடையும்? இந்தக் கேள்விக்கு விடை சொன்னவரை உங்களுக்கு நன்றாகத் தெரியும், வேறொரு பாடத்தில். மின்னூட்டங்களுக்கிடையே உள்ள விசையை அளந்த கூலும்தான் அவர்! மின்சாரத்துக்கு வருமுன் அவர் பிரெஞ்சுப் படையில் பொறியாளர். மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான மார்ட்டினீக்கில் பல ஆண்டுகள் கோட்டை கட்டும் பணியில் இருந்தார். கோட்டைச் சுவருக்குப் பின்னால் கொட்டிய மண் சுவரைத் தள்ளும் அல்லவா? அது எவ்வளவு தள்ளும் என்று கணக்கிட்டு, 1773ஆம் ஆண்டில் பாரிசில் அறிவியல் அகாதமிமுன் ஒரு கட்டுரை படித்தார். அந்த ஆண்டில் நம் புதுச்சேரியும் பிரெஞ்சுக்காரர் கையில்தான் இருந்தது.

கூலும் சொன்னது இதுதான். மண்ணின் ஒரு பகுதி மற்றொரு பகுதியின்மேல் சறுக்குவதைத் தடுப்பவை இரண்டு. ஒன்று பிணைப்பு, துகள்கள் ஒட்டிக்கொண்டிருப்பது. மற்றொன்று உராய்வு, மேலிருந்து எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு கூடும். காய்ந்த மணலில் பிணைப்பு இல்லை, உராய்வு மட்டுமே. ஒரு சோதனை செய்யுங்கள். காய்ந்த மணலை ஒரு தாளின்மேல் மெதுவாகக் கொட்டிக் குவியல் செய்து, அதன் சரிவுக் கோணத்தைக் கோணமானியால் அளந்து பாருங்கள். 30 பாகையிலிருந்து 35 பாகைக்குள் வரும். இன்னும் கொட்டினால் குவியல் உயருமே தவிர, கோணம் மாறாது. அந்தக் கோணம் மணலின் உராய்வுக் கோணத்தை ஒட்டி இருக்கும்.

பின்னால் ஜெர்மானியப் பொறியாளர் ஓட்டோ மோர் இதை வட்டப்படங்களால் விளக்கியதால் ‘மோர்–கூலும் விதி’ என்ற பெயர் நிலைத்தது. கணிப்பொறியில் இவ்விதி இரண்டு துண்டுகளாக வேலை செய்கிறது. உடையும் எல்லைவரை மண் ஹூக்கின் வில்; எல்லையைத் தொட்டதும் கூலுமின் மணல். இவ்வளவு எளிது என்பதால் உலகமெங்கும் மிகுதியாகக் கையாளப்படும் மண் விதி இதுவே.

ஆனால் இந்த எளிமையில் ஒரு குழி இருக்கிறது. அது புரிய, நீரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

தேர் நின்றால் வேறு, ஓடினால் வேறு

ஈரமான களிமண்ணில் துகள்களுக்கிடையே நுண்துளைகள் நிறைய உண்டு. அவற்றில் நீர் நிறைந்திருக்கிறது. மேலிருந்து அழுத்தும் பளுவைத் துகள்களும் நீரும் பங்கிட்டுக்கொள்கின்றன. துகள்கள் தாங்கும் பங்குதான் உராய்வைத் தருவது. நீரின் பங்கால் உராய்வு இல்லை. நீர் வழுக்கும், அவ்வளவுதான். ஆகவே மொத்தத் தகைவிலிருந்து நீரழுத்தத்தைக் கழித்தால் மிஞ்சுவதே மண்ணுக்கு வலிமை தருவது. அதைச் ‘செயலுறு தகைவு’ என்பார்கள். ஒரு கழித்தல் கணக்குதான். ஆனால் மண் இயக்கவியலின் தந்தை எனப்படும் கார்ல் டெர்சாகி 1920களில் இதைக் கண்ட பிறகே மண்ணைப் பற்றிய படிப்பு ஓர் அறிவியலாக நிமிர்ந்தது.

எண்களில் பார்ப்போம். நிலமட்டம்வரை நீர் நிற்கும் ஒரு வயலில் 10 மீட்டர் ஆழத்தில் என்ன நிலைமை? ஈரக் களிமண்ணின் ஒரு கன மீட்டர் எடை 16 கிலோநியூட்டன் என்க. மொத்தத் தகைவு சதுர மீட்டருக்கு 160 கிலோநியூட்டன். நீரின் ஒரு கன மீட்டர் எடை ஏறத்தாழ 10 கிலோநியூட்டன், நீரழுத்தம் 100. மிஞ்சுவது 60. துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பது இந்த 60 என்ற எண்ணால்தான். இதை மறக்கவேண்டாம், மறுபடி தேவைப்படும்.

இப்போது வில்லியனூர்த் தேரோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். திருக்காமீசுவரர் தேர் ஓரிடத்தில் சில நிமிடங்கள் நின்று நகர்கிறது. தேர்ச்சக்கரத்தின் பளு சட்டென்று மண்ணில் இறங்குகிறது. அடியில் களிமண் இருந்தால், அதன் நுண்துளைகளிலிருந்து நீர் வெளியேற நேரமே இல்லை. கூடுதல் பளுவை முழுவதும் நீரே ஏற்கிறது. துகள்களுக்கிடையே பிடிப்பு கூடவில்லை. இதுவே ‘நீர் வடியாத நிலை’. அதே தேர் திருவிழா முடிந்து ஆண்டு முழுவதும் நிலையில் நிற்கும்போது, நீர் மெல்லமெல்லக் கசிந்து வெளியேறுகிறது. பளு துகள்களுக்கு மாறுகிறது. மண் இறுகி வலிமை பெறுகிறது. இது ‘நீர் வடிந்த நிலை’. தேர் ஒன்று, மண் ஒன்று, எடை ஒன்று. ஆயினும் கணிப்பொறிக்குச் சொல்லவேண்டிய விதி இரண்டு!

நீர் வடிய எவ்வளவு காலம் ஆகும்? களிமண் படுகையின் கனம் இரு மடங்கானால் காலம் நான்கு மடங்காகும். அதாவது கனத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். ஆய்வுக்கூடத்தில் 2 சென்டிமீட்டர் கனமுள்ள களிமண் வில்லை ஒன்றுக்கு ஒரு மணி நேரம் ஆனது என்க. மேலும் கீழும் மணல் உள்ள 4 மீட்டர் படுகை அதைவிட 200 மடங்கு கனமானது. 200-ன் இருமடி 40,000. ஆகவே 40,000 மணி நேரம். ஏறத்தாழ நாலரை ஆண்டுகள்! புது வீடு கட்டிக் குடிபோன சில ஆண்டுகள் கழித்துச் சுவரில் வெடிப்பு தோன்றினால், கொத்தனாரைத் திட்டுமுன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

நினைவுள்ள களிமண்

மூர்த்திக்குப்பம் கடற்கரையில் அலை நனைத்துவிட்டுப் போன கெட்டி மணலில் காலை அழுத்தமாக ஊன்றுங்கள். காலைச் சுற்றிலும் மணல் சட்டென்று வெளுத்துக் காய்ந்ததுபோல் ஆகிவிடும். அழுத்தினால் நீர் பிதுங்கி மேலே வரவேண்டாமா? ஏன் உள்ளே போகிறது? நெருக்கமாக அடுங்கிய மணல் சறுக்கும்போது, துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கடக்கவேண்டியிருக்கிறது; அதனால் மணலின் பருமன் கூடுகிறது. புதிதாகத் தோன்றிய இடைவெளிக்குள் நீர் இழுக்கப்படுகிறது. ஆஸ்பார்ன் ரெனால்ட்ஸ் 1885இல் இதை விளக்கினார். தளர்வாகக் கிடக்கும் மணலும், புதிதாகப் படிந்த இளகிய களிமண்ணும் இதற்கு நேர்மாறு. சறுக்கினால் அவை சுருங்கும்.

சறுக்குவதால் பருமன் மாறுகிறது என்ற இந்தச் செய்தி ஹூக்கிடமும் இல்லை, கூலுமிடமும் இல்லை. அதை ஒரு மண் விதிக்குள் கொண்டுவந்தவர்கள் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராஸ்கோ, ஸ்கோஃபீல்டு, ராத் ஆகியோர். 1958இல் தொடங்கி பத்தாண்டுகளில் அது வடிவம் பெற்றது. அவ்வூர் வழியே ஓடும் கேம் நதியின் பெயரால் அதற்குக் ‘கேம் களிமண்’ என்று பெயரிட்டார்கள். நம்மூரில் கண்டிருந்தால் ‘சங்கராபரணிக் களிமண்’ என்றல்லவா பெயர் வந்திருக்கும்!

கேம் களிமண் விதியின் சிறப்பு, அது மண்ணுக்கு ஒரு நினைவைத் தருவது. தலையணையை எண்ணிப் பாருங்கள். இதற்கு முன் தாங்கிய மிகப் பெரிய பளு எதுவோ, அதுவரை மண் விறைப்பாக இருக்கும். அதைத் தாண்டினால் இளகும். பாகூர்ப் பகுதி வயல்களைக் கோடையில் பார்த்திருப்பீர்கள். காய்ந்து பாளம்பாளமாக வெடித்துக் கிடக்கும். உலரும்போது நுண்துளை நீர் துகள்களை உள்ளிழுத்துப் பெரும் அழுத்தம் தருகிறது. மேலே எந்தப் பளுவும் வைக்காமலே அந்த மேற்களிமண் ஒரு பெரிய பளுவை ‘நினைவில்’ வைத்துக்கொள்கிறது. மழைக்குப் பின்னும் இரண்டு மூன்று மீட்டர் ஆழத்திலுள்ள களிமண்ணைவிட மேற்பரப்பு உறுதியாக இருக்கப் பெரும்பாலும் இதுவே காரணம். கணிப்பொறியில் எல்லா ஆழத்துக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தால் இந்த வேறுபாடு தொலைந்துபோகும்.

விலை இல்லாமல் எதுவும் கிடைப்பதில்லை. ஹூக்குக்கு இரண்டு எண்கள் போதும். மோர்–கூலும் விதிக்கு நான்கைந்து. கேம் களிமண்ணுக்கு ஐந்து எண்களோடு மண்ணின் பழைய வரலாறும் வேண்டும். பின்னால் வந்த விதிகள் சிலவற்றுக்குப் பத்துக்கு மேல் வேண்டும். ஒவ்வோர் எண்ணுக்கும் ஆழத்திலிருந்து மண்ணைக் கலையாமல் வெட்டி எடுத்து, ஆய்வுக்கூடத்தில் நாட்கணக்கில் சோதனை செய்யவேண்டும். சோதனையே செய்யாமல் பத்து எண்களை ஊகித்துப் போடுவதைவிட, நன்கு அளந்த இரண்டு எண்களோடு எளிய விதியைக் கையாள்வதே மேல் என்பது என் கருத்து.

சிங்கப்பூரில் ஒரு பிற்பகல்

இனி, முன்பு சொல்வதாகச் சொன்ன கதை. நம் ஊர்க்காரர்கள் பலர் வேலைக்குச் சென்றிருக்கும் சிங்கப்பூரில், வட்ட ரயில் பாதைக்காக நிக்கல் நெடுஞ்சாலையை ஒட்டி மிக ஆழமான குழி ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தார்கள். இருபுறமும் தடித்த கான்கிரீட் சுவர்கள். அவை உள்ளே சாயாமல் குறுக்கே அடுக்கடுக்காக எஃகு முட்டுகள். சுவருக்கு வெளியே இருந்தது கடல் படிவித்த இளகிய களிமண். 2004ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் பிற்பகல், குழி ஏறத்தாழ 30 மீட்டர் ஆழத்தை எட்டியிருந்தபோது, முட்டுகள் வளைந்து சுவர்கள் உள்ளே விழுந்தன. நெடுஞ்சாலையே குழிக்குள் இறங்கியது. நான்கு பேர் உயிரிழந்தனர்.

விசாரணைக் குழு 2005இல் தன் இறுதி அறிக்கையைத் தந்தது. முட்டுகளைத் தாங்கும் இணைப்புகளின் வடிவமைப்பில் பெரும் பிழை இருந்தது. அதோடு அறிக்கை சுட்டிய மற்றொரு பெரிய பிழை, கணிப்பொறிக்கு மண்ணைச் சொன்ன விதத்தில் இருந்தது. முடிவுறு கூறு முறையில்தான் சுவரைக் கணக்கிட்டிருந்தார்கள். கணிப்பொறி கூட்டல் கழித்தலில் தவறவில்லை. ஆனால் நீர் வடியாத நிலையிலுள்ள இளகிய களிமண்ணுக்கு மோர்–கூலும் விதியைக் கொடுத்து, வலிமையை நேரடியாகச் சொல்லாமல் உராய்வுக் கோணத்தைச் சொல்லி, வலிமையைக் கணிப்பொறியே கண்டுகொள்ளட்டும் என்று விட்டிருந்தார்கள்.

இதிலென்ன தவறு? நம் 60 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். செங்குத்தாக 60, இத்தகைய களிமண்ணில் பக்கவாட்டில் அதன் 0.6 பங்கு, அதாவது 36 என்க. சராசரி 48. உராய்வுக் கோணம் 24 பாகை என்க. அதன் சைன் மதிப்பு 0.407. மோர்–கூலும் விதி உடையும்வரை ஹூக்கின் வில் என்று சொன்னேன் அல்லவா? வில்லைச் சறுக்கினால் அதன் பருமன் மாறாது. எனவே சறுக்குவதால் நீரழுத்தம் ஏறாது என்று அது எண்ணிக்கொள்கிறது. சராசரி 48 கடைசிவரை அப்படியே இருக்கும் என்று நம்புகிறது. வலிமை 48 × 0.407, அதாவது 19.5 கிலோநியூட்டன் என்று விடை தருகிறது.

உண்மையான களிமண்ணோ சறுக்கும்போது சுருங்க முயல்கிறது. நீர் வெளியேற வழியில்லை. ஆகவே நீரழுத்தம் ஏறுகிறது. துகள்களின் பிடிப்பு தளர்கிறது. இத்தகைய இளகிய களிமண்ணில் அளந்து பார்த்தால், வலிமை பெரும்பாலும் செங்குத்துச் செயலுறு தகைவின் 0.22 பங்கை ஒட்டியே இருக்கும். 60 × 0.22 = 13. இருப்பது 13, கணிப்பொறி நம்புவது 19.5. இல்லாத வலிமையில் பாதிக்குப் பாதி கூட்டிச் சொல்கிறது! மேலே உள்ள எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. சிங்கப்பூரில் நடந்த தவறின் தன்மை இதுவே. அங்கே சுவர் வளையும் அளவைக் கணக்கு ஏறத்தாழ பாதியாகக் காட்டியது என்று குழு கண்டது. சுவர் கணக்கிட்டதைவிட மிகுதியாக வளைவதை அளவுக் கருவிகள் முன்பே காட்டிக்கொண்டுதான் இருந்தன.

கவனியுங்கள்: மோர்–கூலும் விதி பொய்யன்று. மணலுக்கு அதே விதியை அதே முறையில் பயன்படுத்தியிருந்தால் பெரிய தவறு நேர்ந்திராது. மணலில் நீர் உடனுக்குடன் வடிந்துவிடும். களிமண்ணுக்கே கூட 13 என்ற அளந்த வலிமையை நேரடியாகக் கொடுத்திருக்கலாம். கேம் களிமண் போன்ற விதியைக் கொடுத்திருந்தால், நீரழுத்தம் ஏறுவதை அதுவே கணக்கில் சேர்த்திருக்கும்.

மீண்டும் கரைக்கு

பாகூர் ஏரிக்கரைக்குத் திரும்புவோம். எந்த மண் விதி சரி என்று கேட்டால், நான் திருப்பிக் கேட்பேன்: உங்களுக்குத் தெரியவேண்டியது என்ன?

ஏரி நிரம்பிப் பல வாரங்களாக நிற்கிறது. கரை சரியுமா என்பது கேள்வியானால், நீர் கரைக்குள் ஊடுருவி ஒரு நிலைக்கு வந்திருக்கும். ஒவ்வொரு புள்ளியிலும் நீரழுத்தம் என்னவென்று கசிவுக் கணக்கால் கண்டு, நீர் வடிந்த நிலைக்கான மோர்–கூலும் விதியைக் கையாளலாம். அது நேர்மையான விடை தரும்.

ஏரி நீர் திடீரென்று இறங்கினால்? மதகுகளை எல்லாம் திறந்துவிட்டார்கள் என்க. இதுவரை உட்சரிவை நீர் தன் எடையால் தாங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தாங்கல் போய்விட்டது; கரைக்குள் ஊறிய நீரோ இன்னும் வெளியேறவில்லை. நிறைந்திருந்தபோது அசையாமல் நின்ற கரை, நீர் இறங்கும்போது உள்நோக்கிச் சரிவது இதனால்தான். இங்கே நீர் வடியாத நிலைதான் கணக்கு. சிங்கப்பூரின் குழி இங்கேயும் வாய் திறந்து காத்திருக்கிறது.

கரையின்மேல் மண்ணை உயர்த்திச் சாலை போட்டால் பத்தாண்டுகளில் எவ்வளவு இறங்கும் என்பது கேள்வியானால், மோர்–கூலும் போதாது. களிமண்ணின் நினைவும் நீர் வடியும் காலமும் தேவை. கேம் களிமண் விதியோ அதன் வழிவந்த ஒன்றோதான் பொருந்தும்.

ஒரே கரை, மூன்று கேள்விகள், மூன்று வகையாக மண்ணைச் சொல்லவேண்டியிருக்கிறது. ஆகவே எவரேனும் ஒரு வண்ணப்படத்தைக் காட்டி, ‘கணிப்பொறியே சொல்லிவிட்டது, கரை பத்திரம்’ என்றால், நீங்கள் தயங்காமல் இரண்டு கேள்விகள் கேட்கலாம்: மண்ணுக்கு எந்த விதியைக் கொடுத்தீர்கள்? நீர் வடியும் என்று கொண்டீர்களா, வடியாது என்றா?

கடைசியாக ஒன்று. மேலே சொன்ன எந்த மண் விதியாலும் சொல்லமுடியாத ஆபத்து ஒன்று மண்கரைகளுக்கு உண்டு. எலி வளை வழியாகவோ, பட்டுப்போன மரத்தின் வேர்த்தடம் வழியாகவோ நீர் கசிந்து, மண் துகள்களை ஒவ்வொன்றாக அரித்துக்கொண்டு போய், கரைக்குள் ஒரு குழாயே உண்டாகிவிடலாம். முக்கோணங்களாகப் பிரித்த கரையில் எலி வளைக்கு இடமில்லை. இதைக் கண்டுபிடிக்கக் கணிப்பொறி வேண்டாம். மழைக்காலத்தில் ஏரி நிரம்பியிருக்கும்போது, பெரியவர்கள் துணையோடு கரையின் வெளிப்புற அடிவாரத்தில் நடந்து பாருங்கள். எங்கேனும் நீர் கசிந்தால், ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். தெளிவாக இருந்தால், நாள்தோறும் அதே இடத்தில் பிடித்துப் பார்த்துக் குறித்து வையுங்கள். கலங்கலாக இருந்தால் கரை உள்ளுக்குள் கரைந்துகொண்டிருக்கிறது; அன்றைக்கே ஊர்ப் பெரியவர்களிடமும் பொதுப்பணித் துறையினரிடமும் சொல்லிவிடுங்கள்.